பதினேழாம் எண் வண்டியின் பலகை

பிப்ரவரி 10, திங்கள்

குடும்பநல நீதிமன்றத்தில் இன்று முதல் கையெழுத்து முடிந்தது. நந்தகோபாலும் நானும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். அந்த இடத்தில் யாரோ ஓர் அம்மா வந்து உட்கார்ந்து முறுக்கு தின்றார்கள். எங்கள் பக்கமும் பொட்டலத்தை நீட்டினார்கள். இரண்டு பேரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம்.

இருவரும் மனமொத்துப் பிரிகிறோம் என்பது மனு. ஆறு மாதம் யோசித்துவிட்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி வந்து, ஆளுக்கொரு தடவை சம்மதம் என்று சொன்னால் தீர்ந்தது. ஒருவர் மாட்டேன் என்றாலும் மனு நிற்காதாம். என் வக்கீல் கிருபாவதி, பயப்படாதீர்கள், ஆறு மாதத்தில் யாரும் மனசு மாறுவதில்லை என்று தைரியம் சொன்னார்.

கோர்ட்டு ஆலோசகர் அம்மா, யார் முதலில் பேசுகிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் "அவ பேசட்டுங்க" என்றார். நான் "அவரே பேசட்டும்" என்றேன். கொஞ்ச நேரம் மின்விசிறிதான் பேசியது. அந்தம்மா பேனாவை மூடிவிட்டு, வீட்டுக்குப் போய் எழுதிப் பாருங்கள், எழுதினால் தெளியும் என்றார்கள். அதற்காகத்தான் இது. தெளிவதற்கு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

தண்டபாணி அண்ணன் வந்திருந்தார். நூல் மில் முதலாளி. சுல்தான்பேட்டைக்கு அப்பால் காற்றாலைகளுக்கு நடுவே நீள்வட்டமாக ஒரு ரேஸ் தடம் கட்டி வைத்திருக்கிறார். மில்லில் வரும் லாபமெல்லாம் அங்கே புகையாகப் போகிறது என்று அவர் வீட்டம்மா சொல்வார்கள். கேட்டால் "ஒரு ஆசைதான் அம்மிணி" என்பார்.

இந்த வருடம் புது எஞ்சின். சாய்வான வளைவுகளில் வண்டிகள் அளவுக்கு மீறிய வேகத்தில் போகின்றனவாம். சுவர் பக்கத்தில் இருக்கிறது. "வண்டி மெதுவாப் போகோணும். ஆனா சனம் பாதியில எந்திரிச்சுப் போகக் கூடாது. நீதான் காத்துப் பாடம் நடத்தற, ஏதாச்சும் பண்ணு" என்றார். கல்லூரியில் நான் நடத்துவது காற்றியக்கவியல். அவருக்கு அது காத்துப் பாடம். தப்பென்று சொல்ல முடியாது.

ஒப்புக்கொண்டேன். அந்தத் தடத்தில் ஓடும் வண்டிகளில் பதினேழாம் எண் வண்டியும் ஒன்று, அதை ஓட்டுகிறவர் நந்தகோபால் என்பது எனக்கு ஒரு பொருட்டே அல்ல. இதை எழுதி வைத்தால் பிறகு நானே படித்து நம்பலாம்.

பிப்ரவரி 17, திங்கள்

நேற்று எழுதியதைப் படித்தேன். நம்பிக்கை வரவில்லை. உள்ளதை எழுதிவிடுகிறேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் மூன்றாவது வளைவில் பதினேழு சுவரில் மோதியது. இடுப்பெலும்பு. கட்டிலோடு கிடந்த மாதங்களில் அவருக்குத் தலை வாரிவிட்டதிலிருந்து எல்லாம் நான்தான். கைத்தடி இல்லாமல் நடந்த அன்று, சந்தோஷத்தில் நான் கேசரி கிண்டிக்கொண்டிருந்தபோது, "ஹெல்மெட் எங்க வெச்ச?" என்று கேட்டார்.

வண்டியா நானா என்று கேட்டேன். காபியில் ஆடை படியும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியானால் நான் வக்கீலைப் பார்க்கிறேன் என்றேன். "உன்ற இஷ்டம்" என்றார். பொள்ளாச்சியில் அவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். கேசரியை நான் ஒருத்தியே தின்றேன்.

பிப்ரவரி 26, புதன்

கல்லூரிக் காற்றுச்சுரங்கத்தில் பலகை தயார். சின்ன மாதிரி வண்டியை உள்ளே வைத்து ஊதிப் பார்த்தோம்.

விஷயம் எளிது. ரேஸ் வண்டியின் பின்னால் ஓர் இறக்கை இருக்கிறது. அதன் முதுகில் நீளவாக்கில் ஒரு பலகையை நட்டுக்குத்தாக நிறுத்திவிட்டால் அது காற்றைப் பிடித்துக்கொள்ளும். வண்டி தானாகவே வேகம் குறையும். கூடவே, வண்டிக்குப் பின்னால் காற்று கிழிந்து ஒரு வெற்றிடம் மாதிரி ஆகும். அதில் நுழைகிற அடுத்த வண்டிக்கு எதிர்க்காற்று இல்லை, சும்மா இழுத்துக்கொண்டு போகும். லாரிக்குப் பின்னால் சைக்கிள் மிதித்த எல்லோருக்கும் இது தெரியும். பலகை பெரிதானால் வேகம் குறையும், பின்னால் இருக்கும் இழுப்பு கூடும்.

எனக்கு வேண்டியது வேகம் குறைவது. இழுப்பு, தண்டபாணி அண்ணனின் சனத்துக்கு.

சமையல் எரிவாயு தீர்ந்துவிட்டது. பதிவு செய்ய அவர் கைப்பேசி எண்தான் கொடுத்திருக்கிறது. மாற்ற வேண்டும்.

மார்ச் 2, ஞாயிறு

முதல் பந்தயம். பலகையை யாரும் கழற்றவோ அறுக்கவோ கூடாது என்பதற்காக, திருகுகளில் கம்பி கோத்து, மின்சார மீட்டருக்குப் போடுவதுபோல் ஈய முத்திரை போடுகிறோம். அளப்பதும் முத்திரை போடுவதும் என் வேலை. அளக்கும்போது ஓட்டுகிறவர் அளவு நாடாவின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு தகராறு வரக்கூடாது என்று தண்டபாணி அண்ணன் போட்ட விதி.

பதினேழு வரிசையில் கடைசி. அவர் நாடாவைப் பிடித்தார். மெலிந்திருக்கிறார். "சரியா இருக்குங்களா மேடம்?" என்றார். சரியாக இருக்கிறது என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

பந்தயம் எப்படி என்று எழுத வேண்டுமே. வண்டிகள் மெதுவாகத்தான் போயின. ஆனால் முன்னால் போகிறவனைப் பின்னால் வருகிறவன் கூப்பிட்டு வைத்தாற்போல் தாண்டுகிறான். தாண்டியவனை இன்னொருவன் தாண்டுகிறான். போன வருடம் முழுக்க நடந்த முந்தல்கள் இன்று ஒரு மணி நேரத்தில் நடந்தன. கூட்டம் உட்காரவே இல்லை. தண்டபாணி அண்ணன் என் கையைப் பிடித்துக் குலுக்கி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

ஜெயித்தது பதினேழு. கடைசிச் சுற்றுவரை இரண்டாவதாகவே ஒட்டிக்கொண்டு வந்து, கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வெளியே எட்டிப் பார்த்து முந்திவிட்டார்.

மார்ச் 30, ஞாயிறு

மறுபடி பதினேழு. மறுபடி அதே வித்தை. ஓட்டுகிறவர்களுக்கு இப்போது புரிந்துவிட்டது. கடைசிச் சுற்றில் முதலாவதாக இருப்பவன் தோற்பான். இரண்டாவதாக இருப்பவனுக்குத்தான் கோப்பை. இதில் நந்தகோபாலைவிடக் கெட்டிக்காரர் கிடைக்க மாட்டார். எந்த விஷயத்திலும் முதலில் போகாதவர். ஓட்டலில்கூட நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்துவிட்டு "எனக்கும் அதே" என்பார்.

நான் என்னவோ முந்திக்கொண்டு பேசுகிறவள் மாதிரி எழுதுகிறேன். எங்கள் வீட்டுச் சண்டைகளில் முதலில் யார் பேசுவது என்பதுதான் சண்டையைவிடப் பெரிய சண்டை. ஒருமுறை பால்காரர்தான் சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவே எங்களுக்குத் தூது போனார்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வேப்பம்பூ ரசம், மாங்காய்ப் பச்சடி, பாயசம். ஓர் ஆளுக்குப் பாயசம் வைக்க முடியாது என்பதை எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பதினேழுக்கு அபராதம் போட்டேன். முத்திரை போட்டு அரை மணிகூட ஆகவில்லை, கம்பி அறுந்துவிட்டது, நந்தகோபால் அண்ணன் மறுபடி வந்து போடச் சொல்கிறார் என்று பதினேழின் மெக்கானிக் அயூப் வந்து நின்றார். போய்ப் பார்த்தால் கம்பி அறுந்ததுபோல் இல்லை, வெட்டியதுபோல் இருந்தது. அயூப்பைத் தனியே கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணன்தாங்க கட்டர் கேட்டு வாங்கினாரு. எதுக்குன்னு எனக்கென்னங்க தெரியும்" என்றார்.

நந்தகோபாலையே கேட்டேன். முத்திரை சரியாக விழாததுபோல் இருந்ததாம். நான் போட்ட முத்திரை சரியாக விழாதாம். அறிவில்லையா, ஓடும்போது பலகை கழன்று பறந்தால் பின்னால் வருகிறவன் கதி என்ன என்று சத்தம் போட்டேன். பட்டறையே திரும்பிப் பார்த்தது. அவர் மட்டும் திட்டு வாங்குகிறவர் முகமாக இல்லாமல் நின்றார். நாடாவின் மறு முனையை நான் சொல்வதற்கு முன்பே பிடித்துக்கொண்டார்.

பொறுப்பில்லாத மனிதர். அபராதத்தை அங்கேயே கட்டினார்.

மே 8, வியாழன்

விடைத்தாள் திருத்தம். ஒரு பையன் "காற்று தனக்கு வழிவிடாதவர்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும்" என்று எழுதியிருக்கிறான். மதிப்பெண் போட முடியாது. அடிக்கவும் மனசு வரவில்லை.

மே 25, ஞாயிறு

என் கெட்டிக்காரத்தனத்தின் பலனை இன்று பார்த்தேன்.

வேகத்தைக் குறைத்தேன். உண்மை. ஆனால் இந்த இழுப்பு யாரையும் தனியாகப் போக விடுவதில்லை. பின்தங்கியவனையும் இழுத்துக் கொண்டுவந்து கும்பலில் சேர்த்துவிடுகிறது. இன்று வண்டிகள் எல்லாம் மந்தை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. மூன்றாவது வளைவில் நான்கு வண்டிகள் ஒரே வரிசையில் பக்கவாட்டில் போயின. நடுவில் பதினேழு. இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண்.

அந்த வளைவு முடியும்வரை நான் பார்க்கவில்லை. கண்ணில் தூசி விழுந்துவிட்டது. கூட்டம் கத்தியதும் திறந்தேன். வேறொரு வண்டி சுழன்று புல்லில் போய் நின்றிருந்தது. யாருக்கும் அடியில்லை.

அவர் சுவரில் மோதக் கூடாது என்றுதான் இந்தப் பலகையைச் செய்தேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, இந்த நோட்டை நான்தான் படிக்கப் போகிறேன். அந்தப் பலகையே அவரை நான்கு வண்டிக்கு நடுவில் கொண்டுபோய் வைத்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கைப்பேசியில் அவரிடமிருந்து "ஒண்ணும் ஆகல" என்று ஒரு வரி. பதில் தட்டினேன், அழித்தேன். நான் நிறுத்தியதும் அவர் தட்டிக்கொண்டிருப்பது திரையில் தெரிந்தது. அதைப் பார்த்து நான் காத்திருந்தேன். நின்றுவிட்டது. நான் மறுபடி தொடங்கினேன். என்ன வருகிறது பார்க்கலாம் என்று அங்கே அவரும் காத்திருந்திருப்பார். கடைசியில் இரண்டு பக்கமும் ஒன்றும் வரவில்லை. மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது.

ஜூன் 5, வியாழன்

பலகையைச் சின்னதாக்கச் சொல்லித் தண்டபாணி அண்ணன் மில்லுக்கே போனேன். முடியாது என்றுவிட்டார். இழுப்பு குறைந்தால் பழையபடி ஊர்வலம்தான், சனம் வராது, தடத்தை மூட வேண்டியதுதான் என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வளைவில் ஒரு மஞ்சள் கோடு போட்டு, அதற்குக் கீழே இறங்கி முந்தக் கூடாது என்று ஒரு விதி கொண்டுவர மட்டும் சம்மதித்தார்.

அப்படியானால் நான் விலகிக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லவில்லை. நான் விலகினால் முத்திரை போட ஆள் வேண்டுமே, எவனோ வந்து ஏனோதானோவென்று போடுவான். அதனால்தான்.

ஜூன் 29, ஞாயிறு

இப்படி ஒரு கூத்தை உலகத்தில் எந்த ரேஸ் தடத்திலாவது பார்த்திருப்பார்களா தெரியாது.

கடைசிச் சுற்று. முதலில் நான்காம் எண், ஒட்டிக்கொண்டு பதினேழு. முதலில் இருந்தால் தோல்வி என்று நான்காம் எண்ணுக்குத் தெரியும். வேகத்தைக் குறைத்தான், நீ முன்னால் போ என்று. பதினேழும் குறைத்தது. அவன் இன்னும் குறைத்தான். இதுவும். ரேஸ் வண்டிகள் இரண்டும், கல்யாண மண்டபத்தில் பந்திக்கு "நீங்க முதல்ல உக்காருங்க" என்று உபசாரம் செய்கிற சம்பந்திகள் மாதிரி, மூன்றாவது வளைவில் ஊர்ந்தன. பின்னால் எங்கேயோ வந்துகொண்டிருந்த பத்தொன்பது வயது ஈரோட்டுப் பெண் இரண்டையும் ஒரே மூச்சில் தாண்டிப் போய்க் கோப்பையை வாங்கிவிட்டாள்.

கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று கவனிக்கவில்லை. அளவு நாடாவைச் சுற்றுகிற சாக்கில் பட்டறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

எனக்கு அவர் வேண்டும். இன்று இதை எழுதிவிடுகிறேன். அவர் சட்டை உலர்கிற கொடி வேண்டும். "எனக்கும் அதே" என்கிற குரல் வேண்டும். ஆனால் அவர் வந்து கேட்கட்டும். ஒரு தடவையாவது அவர் வரட்டும்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து கொடியில் காயும் துணியைப் பக்கத்துத் தெருவில் போடுகிறது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மூடி பறந்துவிட்டது. கல் வைத்திருக்கிறேன். தடத்தில் காற்றாலைகள் எல்லாம் பேய் பிடித்துச் சுற்றுகின்றன, அடுத்த பந்தயத்தைக் காற்று தணிகிற நாளாகப் பார்த்துத் தள்ளி வைக்கலாமா என்று தண்டபாணி அண்ணன் கேட்டார். ஆடி முடிகிறவரை காற்று தணியாது. பதினெட்டாம் பெருக்கு அன்று விடுமுறை, கூட்டம் வரும் என்று அவரே முடிவும் சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கடைசிப் பந்தயம்.

காலையில் அம்மா போன் செய்து, தாலிக் கயிறு மாற்றினாயா என்று கேட்டாள். இன்னும் எட்டு நாளில் கோர்ட்டு, இப்போது மாற்றி என்ன என்றேன். அம்மா போனை வைத்துவிட்டாள். பிறகு மாற்றினேன். பழைய கயிறு கழுத்தில் அரித்தது, வேறு காரணம் இல்லை.

முத்திரை போடும் வரிசையில் இன்று பதினேழு முதலாவதாக வந்து நின்றது. அயூப்புக்கே ஆச்சரியம். அவர் நாடாவைப் பிடித்தபடி என் கழுத்தைப் பார்த்தார். மஞ்சள் இன்னும் ஈரம் காயாமல் ரவிக்கையில் ஒட்டியிருந்தது. "இன்னைக்குப் பதினெட்டாம் பெருக்கு, இல்ல?" என்றார். ஆமாம் என்றேன்.

இந்தப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாலே வருடக் கோப்பை அவருக்கு. அதற்கு அவர் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை, அவருக்குக் கைவந்ததைச் செய்தால் போதும். காத்திருந்தால் போதும். செய்யவில்லை. பாதிப் பந்தயத்தில் கும்பலை விட்டு வெளியே வந்து முதலிடத்துக்குப் போனார். பின்னாலிருந்து இழுப்பைப் பிடித்துத் தாண்டினார்கள். திரும்ப முதலிடத்துக்குப் போனார். கடைசிச் சுற்றிலும் அவர்தான் முன்னால், ஆடிக் காற்று முகத்தில் அறைய, தனியாக. வேகத்தைக் குறைத்து யாரையும் முன்னால் விடவில்லை. நான் கத்தினேன். இரண்டாவதா வாங்க, இரண்டாவதா வாங்க என்று. முத்திரை போடுகிற அதிகாரி இப்படிக் கத்தக் கூடாது.

கோட்டருகே நான்கு பேர் தாண்டிவிட்டார்கள். ஐந்தாவது. வருடக் கோப்பை ஈரோட்டுப் பெண்ணுக்கு.

முத்திரையைச் சரிபார்க்கப் போனேன். வியர்வையும் புழுதியுமாக டயர் மேல் உட்கார்ந்திருந்தார். எதற்காக இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"முன்னாடி போனா எப்படி இருக்கும்னு பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"பயமா இருந்துச்சு. பின்னாடி யார் எப்ப வருவாங்கன்னு தெரியல. கண்ணாடியவே பாத்துட்டு ஓட்டினேன்." கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ஆனாலும் ஒருக்கா போய்ப் பாக்கோணும் இந்து" என்றார்.

மேடம் என்று சொல்லவில்லை. முத்திரை சரியாக இருந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

கிருபாவதி கூப்பிட்டு, ஆதார் அட்டையும் இரண்டு போட்டோவும் எடுத்துவரச் சொன்னார். நீதிபதி கேட்டால் நீட்டி முழக்க வேண்டாம், சம்மதம் என்று ஒரு சொல் போதும் என்றார். கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவர் பேசியதற்கு என்ன அர்த்தம் என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். அர்த்தம் இருந்தால் அவர் வந்திருக்க வேண்டும். பொள்ளாச்சி என்ன கடல் கடந்தா இருக்கிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

அதே பெஞ்சு. இந்த முறை நடுவில் யாரும் உட்காரவில்லை. அவர் புதுச் சட்டை போட்டிருந்தார், மடிப்புக் கோடு கலையாமல். அவருடைய வக்கீல் வேறு வழக்குக்கு ஓடிவிட்டார். கிருபாவதி எங்கள் இருவருக்கும் சேர்த்துத் தண்ணீர் வாங்கி வந்தார்.

பெயர் கூப்பிட்டார்கள். நீதிபதி ஓர் அம்மா. கண்ணாடிக்கு மேலாக இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, யோசிச்சீங்களா, ரெண்டு பேருக்கும் சம்மதமா, யார் சொல்றீங்க என்று கேட்டார். நான் வழக்கம்போல் வாயைத் திறக்கவில்லை. அவர் பேசட்டும் என்றிருந்தேன். கொஞ்ச நேரம் மின்விசிறி பேசும் என்று எதிர்பார்த்தேன்.

அவர் உடனே ஓர் அடி முன்னால் போனார். "எனக்குச் சம்மதமுங்க" என்றார்.

இத்தனை வருடத்தில் என் கணவர் முதலில் வாயைத் திறந்தது இதற்குத்தான். நீதிபதி என் பக்கம் திரும்பினார். நான் சொல்ல வேண்டிய சொல்லைப் பழகித்தான் வைத்திருந்தேன். அவர் சொல்லிவிட்டார், எனக்கும் அதே என்று நான் தொடர வேண்டியதுதான். உதடுகூட அதற்குக் குவிந்தது. அப்போது அவர் கையைப் பார்த்தேன். சட்டை நுனியை, கசங்க, விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் கம்பி வைத்துக் கிடந்தபோது வலி தாங்காமல் படுக்கை விரிப்பை அப்படித்தான் சுற்றுவார். வாயால் ஒருநாளும் வலிக்கிறது என்று சொன்னதில்லை.

"எனக்குச் சம்மதம் இல்லீங்க" என்றேன்.

கிருபாவதி என் முழங்கையைப் பிடித்தார். நீதிபதி, யாராவது மிரட்டினார்களா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். பணம் காசு ஏதாவது பேச வேண்டியிருக்கிறதா என்றார். அதுவும் இல்லை என்றேன். பிறகு என்ன என்றார்.

"எனக்கு இவர் வேணுமுங்க. அவ்வளவுதான்."

கோர்ட்டில் இருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. ஒருவருக்குச் சம்மதம் இல்லாததால் மனு தள்ளுபடி என்று எழுதச் சொல்லிவிட்டு, அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். காற்று மரத்தையே பிடுங்குகிற மாதிரி அடித்தது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் பேசினார்.

"நீ என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான். இதையாச்சும் உன்னைய காக்க வெக்காம குடுத்துரலாம்னு."

அட மனுஷா என்று வந்தது எனக்கு. முன்னால் போகக் கற்றுக்கொண்டவர் எந்தத் திசையில் போயிருக்கிறார் பார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், அன்றைக்கு வண்டியா நானா என்று கேட்டபோது ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டேன். இதையும் நான் இதுவரை கேட்டதே இல்லை.

"நீதான்னு சொன்னா வண்டிய விடோணும். வண்டின்னு சொன்னா அது பொய். எதைச் சொல்றது?"

அது கேட்கக் கூடாத கேள்வி. ஒருவரிடம் வலது கையா இடது கையா என்று கேட்டுவிட்டு, பேசாமல் நின்றதற்காகக் கோபித்துக்கொண்டு வக்கீலிடம் போயிருக்கிறேன்.

"ஓட்டுங்க" என்றேன். "நான் பயந்துட்டுத்தான் இருப்பேன். அது என்ற பாடு. நீங்க வீட்டுக்கு வாங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே அவர் அம்மாவுக்குப் போன் போட்டார். என் மாமியார் அழுவது எனக்கே கேட்டது. அழுது முடித்ததும் விதி சொன்னார்கள். ஆடி மாதத்தில் குடி புகக் கூடாது, ஆவணி பிறக்கட்டும், நல்ல நாள் பார்த்து அவனை நானே கொண்டுவந்து விட்டுப் பால் காய்ச்சுகிறேன் என்றார்கள். சரிங்கத்தை என்றேன். இத்தனை நாள் ஆன பிறகு ஒரு வாரம் என்ன என்று அவரும் சொன்னார். பொள்ளாச்சி பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். பஸ் திரும்புகிறவரை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே போனார்.

வீடு முன்னைவிடக் காலியாக இருக்கிறது. ஆறு மாதத்தை எப்படியோ ஓட்டிவிட்டேன். இந்த ஒரு வாரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆடியைக் கண்டுபிடித்தவர் எதிரில் வந்தால் இரண்டு வார்த்தை கேட்பேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆடி முடியவில்லை. கிழமையும் செவ்வாய். விடிந்தும் விடியாமல் யாரோ கதவைத் தட்டினார்கள், பால்காரர் என்று நினைத்துப் பாத்திரத்தோடு போய்த் திறந்தேன். ஒரு பையும் ஹெல்மெட்டுமாக அவர் நின்றிருந்தார்.